பொய் சொன்னால் கூவும் வீடு

மலர்விழிக்குச் சேவல் மாதிரி கூவ வரும். ஏதோ பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் அரைகுறைக் கூவல் அல்ல. கழுத்தை நீட்டி, முழங்கைகளை விலாவில் படபடவென்று அடித்து அவள் கூவினால், தெருவில் மேய்கிற நிஜச் சேவல்கள் கோபித்துக்கொண்டு பதில் கொடுக்கும். பரமத்தி வேலூருக்கு அடுத்த வாய்க்கால் கரைக் காலனியில், தகரக் கூரை போட்ட சின்னச் சபையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதப் பாடம் நடத்துகிறவள் அவள்தான். பத்தாவது வரை படித்தவள். இதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவள் பாடம் நடத்துகிற நேரத்தில் காலனியில் ஒரு பிள்ளையும் வீட்டில் தங்காது.

வேதத்தில் இயேசுவைப் பார்க்கச் சகேயு என்ற குள்ளன் ஏறியது காட்டத்தி மரம்; அது எது என்று கேட்டால் அவளுடைய பிள்ளைகள் அகத்தி மரம் என்பார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அகத்தி எவ்வளவு சுலபமாக ஒடியும் என்று தெரியும். அந்தக் குள்ள மனிதன் கிளையோடு தொப்பென்று இயேசுவின் காலடியில் விழுந்ததாக அவளே ஒரு சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டாள். போதகர் தலையில் அடித்துக்கொண்டார். “உழுந்தான்னு சொன்னாத்தானுங்க அய்யா புள்ளைங்க மறக்காது” என்று அவரையும் சிரிக்க வைத்து அனுப்பினாள்.

பேதுருவின் கதைதான் அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. சேவல் கூவுவதற்குள் மூன்று முறை என்னைத் தெரியாது என்பாய் என்று பேதுருவிடம் குரு முன்பே சொல்லியிருக்கிறார். அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அடிக்கிறார்கள். வெளியே நெருப்புக் காய்கிற சீடனிடம், நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரப் பெண் கேட்கிறாள். “ஆருங்க, அந்த ஆளுங்களா? எனக்கு அவரத் தெரியவே தெரியாதுங்க. நான் மீன் யாவாரத்துக்கு வந்தவனுங்க” என்று பேதுரு கொங்குத் தமிழில் கும்பிட்டுப் புளுகும்போது பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். மூன்றாவது புளுகு முடிந்ததும் மலர்விழி கூவுவாள். சிரிப்பு அப்படியே அடங்கிவிடும். அழுதுகொண்டே போன அந்தப் பெரிய மனிதனைப் பற்றி அதற்குப் பிறகு அவள் மெதுவான குரலில் சொல்லும்போது, மூக்கு ஒழுகுகிற வாண்டுகள்கூட அசையாமல் கேட்கும்.

இதை வீட்டிலும் ஒரு சட்டமாகப் போட்டாள். வீட்டில் யார் பொய் சொன்னாலும் கேட்கிறவர் கூவ வேண்டும். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிற அவள் கணவன் சென்றாயன், பீடியை விட்டுவிட்டதாகச் சொன்ன அன்று இரண்டு மகள்களும் சேர்ந்து கூவினார்கள். பெரியவள் தீபிகாவுக்குப் பத்து வயது; அவர்கள் சபைக்கு வருவதற்கு முன்னால் பிறந்தவள். சின்னவள் எப்சிபாவுக்கு ஐந்து. ஞானஸ்நானம் எடுத்த பிறகு பிறந்ததால் வேதத்திலிருந்து பேர். தீபிகாவுக்கு இந்த விளையாட்டு இப்போது கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. எப்சிபா விடுகிறவள் அல்ல. பாலில் தண்ணீரே சேர்க்கவில்லை என்று சொன்ன பால்காரரிடம் கூவினாள். இன்னும் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்று பிரசங்கத்தில் சொன்ன போதகரைப் பார்த்துச் சபை நடுவில் எழுந்து நின்று கூவினாள். மலர்விழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்கு என்ன விலை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சென்றாயனின் தம்பி கலையரசன், தனபால் என்பவரிடம் லாரி ஓட்டினான். தனபாலுக்கு லாரிகள் நிறைய, கோபம் அதைவிட நிறைய. ஆவணி மழையில் தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் கோழித் தீவன மூட்டைகள் நனைந்துவிட்டன என்று, மூட்டை தூக்குகிற மதியழகனை லாரி ஷெட்டில் வைத்து ஜாக்கி லீவரால் அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முகத்தில். மதியழகனின் இடது கண் அன்றோடு போயிற்று. கீழே விழுந்து அடிபட்டான் என்று ஷெட்டே ஒரே குரலில் சொன்னது. கலையரசன் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய், “நான் பாத்தனுங்க, அவருதானுங்க அடிச்சாரு” என்று சொல்லிவிட்டான். திங்கட்கிழமை அதையே கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் செருப்பில்லாத காலோடு அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தான். சட்டை கிழிந்து, முதுகில் ஒரு நீளமான தடிப்பு சிவந்து கிடந்தது.

“அண்ணி, தேடிட்டு வாராங்க. பொழுது உழுகற வரைக்கும் இருந்துக்கறேன். அப்பறம் வாழைத் தோட்டத்து வழியா ஆத்தத் தாண்டிப் போயிருவேன்.”

மலர்விழி கேள்வி கேட்கவில்லை. சமையல் கட்டுக்கு மேலே, வெற்றிலைக் கூடைகளும் பழைய சாக்குகளும் போட்டு வைக்கிற அட்டாலியில் அவனை ஏற்றி, முன்னால் கூடைகளை அடுக்கினாள். அடுப்பில் குண்டா நிறையச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தீபிகாவைக் கூப்பிட்டுத் தோளைப் பிடித்துச் சொன்னாள்.

“ஆரு வந்து கேட்டாலும் சித்தப்பா இங்க வரவே இல்லைன்னு சொல்லோணும். தெரியுதா?”

“அது பொய் இல்லீங்களாம்மா?”

இத்தனை பாடம் நடத்தியவளுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பாடம் தயாராக இல்லை. “ஒரு உசுரு போகாம இருக்கறதுக்குச் சொல்றோம் சாமி. அது வேற. ஞாயித்துக்கெழம அத ஒழுங்காச் சொல்லித்தாரேன்” என்றாள். தீபிகா தலையை ஆட்டினாள். எப்சிபா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அதுதான் அவள் செய்த தப்பு.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டி நின்றது. தனபாலே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் அதே ஜாக்கி லீவர். கூட வந்த இருவரில் ஒருவன் கொடுவாளை முதுகுப் பக்கம் மறைத்திருந்தான்; மறைத்திருப்பது தெரிகிற மாதிரி மறைத்திருந்தான். காலனியில் பேச்சுச் சத்தம் நின்று, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

“எங்க, புள்ள, உங்கொழுந்தன்?”

“இங்க வரலீங்க. அவிங்கண்ணனும் தோட்டத்துக்குப் போயிட்டாருங்க.”

தனபால் அவளை நம்பவில்லை. பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரும் ஒரு பெரியவர்தானே. வாசற்படியில் நின்ற தீபிகாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, லீவரை மடியில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் மாதிரி கேட்டார்.

“நீ சொல்லு சாமி. சித்தப்பன் ஊட்டுக்கு வந்தானா?”

தீபிகா நிமிர்ந்து நின்றாள். “இல்லீங்க. வரவே இல்லீங்க.”

நன்றாகத்தான் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை. தனபால் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். திரும்பிப் போகக்கூட ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டார்.

“கொக்கரக்கோ!”

வீட்டுக்குள்ளிருந்து வந்தது. வண்டிச் சத்தத்தில் எப்போது விழித்தாளோ, கூடைகளுக்கு நடுவே சித்தப்பாவின் காலை எப்போது பார்த்தாளோ, எப்சிபா பாயில் எழுந்து நின்று, முழங்கைகளை விலாவில் அடித்துக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு இன்னொரு முறை கூவினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா இப்போதெல்லாம் அகப்படுவதே இல்லை. இன்று கையும் களவுமாக அகப்பட்டாள்.

“என்னடா இது?” என்று கொடுவாள்காரன் சிரித்தான்.

“அக்கா பொய் சொன்னா!” என்றாள் எப்சிபா. “பொய் சொன்னாக் கூவோணும். சித்தப்பா மேல இருக்கறாங்க.” விரலை நீட்டி அட்டாலியைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. தனபால் மலர்விழியைச் சுவரோடு தள்ளிவிட்டு உள்ளே போனார். கூடைகள் பறந்தன. அவருடைய ஆட்கள் இருவரும் கலையரசனைக் காலைப் பிடித்து இழுத்ததில் அவன் தலை அட்டாலி விளிம்பில் இடித்து, பிறகு தரையில் இடித்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தபோது கொடுவாள் கெண்டைக்காலில் இறங்கியது. சத்தம் போட்டான். “வாயி. இந்த வாயிதானடா ஸ்டேஷனுக்குப் போச்சு” என்று சொல்லித் தனபால் லீவரை இரண்டு கையாலும் பிடித்து அவன் தாடையில் அடித்தார். ஈரக் கட்டை பிளக்கிற சத்தம் கேட்டது. கலையரசனிடமிருந்து அதற்கு மேல் சொல் எதுவும் வரவில்லை. இரத்தமும் இரண்டு பல்லும் வந்தன.

அலறலைக் கேட்டுக் கொடிக்காலிலிருந்து ஓடி வந்த சென்றாயன் தம்பியின் மேல் குப்புற விழுந்து மறைத்தான். அடுத்த அடி அவன் முழங்கைக்கு. கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது. அப்படியும் அவன் தம்பியை விட்டு எழவில்லை.

லீவர் மறுபடி மேலே போனது. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்ட வேண்டும் என்று மலர்விழி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறாள். அந்தப் பாடத்துக்கும் தமாஷ் வைத்திருந்தாள். அன்று அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் ஞாபகம் வரவில்லை. கைத்துணிகூட இல்லாமல் அடுப்பில் இருந்த குண்டாவைத் தூக்கி, கஞ்சியும் சோறுமாகத் தனபாலின் பிடரியில் கவிழ்த்தாள்.

தனபால் போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அப்பால் கேட்டிருக்கும். லீவரைப் போட்டுவிட்டுச் சட்டையைப் பிய்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவருடைய ஆட்கள் அவரைத் தாங்கி வண்டியில் ஏற்றினார்கள். ஒருவன் ஞாபகமாக லீவரையும் எடுத்துக்கொண்டான். போகிறபோது தனபால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு மலர்விழியிடம் சொன்னார்: “உம் புள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கோடத்துக்கு எந்த ரோட்டுல போகுது? என்ர லாரி ஓடற ரோட்டுலதானே?”

வண்டி போய்விட்டது. தரையெல்லாம் சோறு, சோற்றுக்கு நடுவில் இரத்தம். தீபிகா சுவரோரம் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள். எப்சிபா பாயிலேயே நின்றிருந்தாள். முழங்கைகள் இன்னும் விலாவோடு ஒட்டி இருந்தன. அவள் அம்மாவைப் பார்த்தாள், இது விளையாட்டில் எந்த இடம் என்று கேட்கிற மாதிரி.

மலர்விழி அவளிடம் போனாள். வெந்த கையை ஓங்கி, குழந்தையின் வாயிலேயே அறைந்தாள்.

“ஏண்டி கூவுனே? ஏண்டி? ஏண்டி கூவித் தொலைச்சே?”

மறுபடி அறைந்தாள். எப்சிபாவின் உதடு கிழிந்தது. குழந்தை அழவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் கலையரசனுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தான். வெளியே வராந்தாவில் மலர்விழி கட்டுப்போட்ட கையோடு, மடியில் எப்சிபாவோடு உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் காட்டிப் பார்த்தாள்.

“கண்ணு, இன்னைக்குக் கேண்டீன்ல இட்டிலிக்குத் தொட்டுக்க ஆனைக்கறிக் கொழம்பு.”

எப்சிபா பார்த்தாள்.

“உங்கப்பன் சின்ன வயசுல சினிமாவுல ஹீரோவா நடிச்சவரு. தெரியுமா?”

இதற்கு முன்னால் என்றால் கூரை பறந்திருக்கும். இப்போது குழந்தையின் இரண்டு கைகளும் மேலே வந்து வாயைப் பொத்திக்கொண்டன. ஒவ்வொரு பொய்க்கும் அப்படியே செய்தாள். கூவல் உள்ளே வருகிறது, அதை அவள் அமுக்குகிறாள் என்று மலர்விழிக்குப் புரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, தன் கையை அந்த அடுப்பிலேயே வைத்துப் பொசுக்கியிருக்கலாம் என்று தோன்றியது. சொல்லிக்கொடுத்ததும் நான், சொல்லிக்கொடுத்தபடி நடந்ததற்கு வாயில் அடித்ததும் நான் என்று வராந்தாச் சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள்.

கொடிக்கால் முதலாளி நாச்சிமுத்து ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், நல்ல மனிதர்கள்தான் இந்த மாதிரி வேலைக்கு வருவார்கள். சென்றாயன் எழுந்து நின்றான்.

“ஒக்காரு, ஒக்காரு. அம்மிணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. தனபாலு எங்க சொந்தம், ஒறம்பரை. செஞ்சது தப்புத்தான். ஆனா நீங்க இதே ஊர்ல இருக்கோணும், புள்ளைங்க இதே ரோட்டுல போகோணும். வந்தவங்க மூஞ்சில துண்டு கட்டியிருந்தாங்க, அடையாளந் தெரியலைன்னு சொல்லிப்போடுங்க. ஆஸ்பத்திரியில ஆகறத நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க” என்றான் சென்றாயன். அவர் போன பிறகு மலர்விழி, “கலைக்காக ஆருங்க சாட்சி சொல்றது?” என்று கேட்டாள்.

“அவன் உசுரோட இருக்கான். நம்ம புள்ளைங்களும் உசுரோட இருக்கட்டும். அதப் பாரு” என்று சென்றாயன் அழுதான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. காலனியில் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். கலையரசனால் வாய் திறக்க முடியாது. மிச்சம் இருந்தது மலர்விழியின் வாய் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. ஒரு பெண். சலிப்பும் தூக்கக் கலக்கமுமாக இருந்தாலும் குரலில் கடுமை இல்லை. எப்சிபா அம்மாவின் முந்தானையை விடாததால் அவளையும் கூட்டி வரவேண்டியதாயிற்று. அறையின் இன்னொரு ஓரத்தில் தனபால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றிப் புதுத் துண்டு. தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார்.

சென்றாயன் முதலில் சொல்லிவிட்டான். “மூஞ்சில துணி கட்டியிருந்தாங்க. தெரியலீங்க.”

எஸ்.ஐ. மலர்விழியிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. வந்தவங்க யாரு?”

“தெரியாதுங்க.”

“இவரு உங்க கொழுந்தனோட முதலாளி. அன்னிக்கு இவரு உங்க வீட்டுக்கு வந்தாரா?”

“இல்லீங்க.”

“இவரு கழுத்துல வெந்திருக்கு. லாரி ரேடியேட்டர் மூடி தெறிச்சதுன்னு சொல்றாரு. உங்க கையும் வெந்திருக்கு. இந்த மனுஷனை இதுக்கு முன்னாடி நீங்க பாத்திருக்கீங்களா, இல்லையா?”

“எனக்கு அவரத் தெரியவே தெரியாதுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் அவள் காதில் விழுந்தன. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அதே வார்த்தைகளை அதே இழுவையோடு சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறாள். குனிந்து பார்த்தாள்.

எப்சிபா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். ஒரு கை மேல் இன்னொரு கை. அழுத்திய அழுத்தில் விரல்கள் வெளுத்து, ஆறாத உதட்டிலிருந்து இரத்தம் கசிந்து விரலிடுக்கில் வந்தது. கண்கள் அம்மாவைக் கெஞ்சின: நான் கூவ மாட்டேன், நான் கூவவே மாட்டேன்.

மலர்விழிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்தது. கட்டுப்போட்ட கையையும் நல்ல கையையும் விலாவில் அடித்து, கழுத்தை நீட்டி, அந்த ஸ்டேஷன் அதிரக் கூவினாள்.

“கொக்கரக்கோ!”

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவைக் கீழே போட்டார். யாரோ, பொம்பளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். சென்றாயன் மட்டும் முகத்தை ஒற்றைக் கையால் மூடிக்கொண்டான். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சேவல் கோபமாகப் பதில் கொடுத்தது.

“நாந்தானுங்க பொய் சொன்னேன்” என்றாள் மலர்விழி. “மூஞ்சில துணி இல்லீங்க. வந்தது இவருதானுங்க. தனபாலு. இவரு கையில ஜாக்கி லீவர். கலையத் தாடையில அடிச்சது இவரு. பின்னால நின்னு இவரு பிடரியில கொதிக்கிற சோத்தக் கொட்டுனது நானு. அதுக்கு என்னைய உள்ள வெச்சாலும் வெச்சுக்குங்க. எம் புள்ளைங்க இனி எந்த ரோட்டுல போனாலும் என்ன ஆனாலும் அதுக்கும் இவருதானுங்க. இதையும் எழுதிக்குங்க.”

தனபால் உடம்போடு திரும்பி எஸ்.ஐ.யைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “பாத்தீங்களா மேடம், பைத்தியக்கார ஆசுபத்திரி கேசு. நான் அந்த ஊட்டுப் பக்கமே போனதில்லீங்க.”

எப்சிபா மெல்லக் கைகளை வாயிலிருந்து எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். மலர்விழி அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் முழங்கைகளைத் தொட்டு, தலையை ஆட்டினாள்.

குழந்தையின் தொண்டை துருப்பிடித்த மாதிரி இருந்தது. பாதிதான் வந்தது, அதுவும் கீச்சென்று உடைந்து வந்தது. ஆனால் அது கூவல்தான்.

எஸ்.ஐ. அந்தக் குழந்தையைப் பார்த்தார். பிறகு தனபாலிடம், “அந்தத் துண்டை எடுங்க” என்றார்.